முதலில் விதைநெல், பிறகு மடிக்கணினி: போர்க்கால வேளாண் கல்லூரிகளுக்கு உதவும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்குத் திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். போர் நடக்கும் நாடுகளில் உள்ள வேளாண் கல்லூரிகளுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று இங்குள்ள பழைய மாணவர் மன்றங்களும் நண்பர் வட்டங்களும் நிதி திரட்டுகின்றன. நல்ல மனத்தோடு செய்யும் வேலை. ஆனால் அனுப்பும் பொருள்களைப் பார்த்தால் மடிக்கணினி, புரொஜெக்டர், நூலகப் புத்தகம், வகுப்பறைக்குக் கூரை என்றே இருக்கிறது. விதைப் பராமரிப்பு, கால்நடை, பண்ணை நிர்வாகம், வேளாண் கற்பித்தல் ஆகியவற்றில் வேலை செய்யும் நாங்கள் சேர்ந்து எழுதும் இந்த மடலின் வேண்டுகோள் ஒன்றுதான். வகுப்பறையை விட்டுவிட்டு, விதைக் கிடங்குக்கும் தொழுவத்துக்கும் பதிவேட்டுக்கும் முதலில் பணம் கொடுங்கள். அதையும் பருவம் தப்பாமல் கொடுங்கள்.

கலைக் கல்லூரியை ஆறு மாதம் பூட்டிவைத்தால், திறந்த அன்று விட்ட பாடத்திலிருந்து தொடங்கலாம். வேளாண் கல்லூரியை அப்படிப் பூட்ட முடியாது. கறவைப் பசுவைக் கறக்காமல் இரண்டு நாள் விட்டால் மடி கட்டி நோய் வந்துவிடும். கிடங்கில் கிடக்கும் விதையும் மூச்சுவிட்டுக்கொண்டே முதுமை அடைகிறது. ஒரு விதைப்புப் பருவம் தப்பினால் இழப்பு கல்லூரியோடு நிற்காது. அந்தக் கல்லூரியிடம் விதைநெல் வாங்கும் ஊர்களும் அந்த ஆண்டு எதையாவது கடன் வாங்கித்தான் விதைக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தீவு இதை அறியாததல்ல. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி வரத்து சுருங்கி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே சோறாகின. நகரத்தில் வாய்கள் அதிகம் என்று ஜப்பானிய நிர்வாகம் மக்களைக் காடு திருத்த அனுப்பியது. சீனர்கள் ஜொகூரின் எண்டாவுக்கும், யுரேஷியர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் நெகிரி செம்பிலானின் பஹாவுக்கும் போனார்கள். பஹாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மண்வெட்டி பிடித்தே பழகாத நகரவாசிகள். மண் வளமில்லை, மலேரியா வாட்டியது, ஏராளமானோர் மாண்டார்கள். மக்களுக்கு நிலமும் விதையும் கொடுத்தால் போதாது, பயிர் செய்யக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டும். போர்க்காலத்தில் வேளாண் கல்லூரி இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். அதே ஆண்டுகளில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் உலர்தாவரத் தொகுப்பும் நூலகமும் பிழைத்தன. கார்னர், ஹோல்ட்டம் ஆகிய ஆங்கிலேயத் தாவரவியலாளர்களை ஜப்பானியப் பேராசிரியர் தனகதாதேயின் நிர்வாகம் அங்கேயே வேலையில் வைத்திருந்தது. தொகுப்பை அறிந்தவர்கள் அதன் பக்கத்திலேயே இருந்ததால் அது நிலைத்தது.

இனி விதைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் குறைந்த செலவில் நிறைய காப்பாற்ற முடிவது இங்கேதான்.

ஒரு கிலோ விதைநெல்லில் ஏறத்தாழ 40,000 மணிகள் இருக்கும், ஆயிரம் மணியின் எடை 25 கிராம் என்று கொண்டால். அதில் 80 சதவீதம் நாற்றாகி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றை நாற்றாக நட்டால் அரை ஏக்கருக்கு வரும். ஹெக்டேருக்கு 4 டன் என்ற சுமாரான விளைச்சலிலேயே 800 கிலோ கிடைக்கும். ஏக்கருக்கு 40 கிலோ வீசி விதைக்கும் ஊரில் அது 20 ஏக்கருக்கான விதை. ஒரு பருவத்தில் ஒரு கிலோ 20 ஏக்கர் ஆகிறது. ஆகவே கல்லூரி டன் கணக்கில் நெல்லைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு ரகத்திலும் கலப்பில்லாத சில கிலோவை, முளைப்புத் திறன் குறையாமல், மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்திருந்தால் போதும்.

விதையைக் கெடுப்பது ஈரமும் சூடும். விதை ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும், கிடங்கின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. மின்சாரம் இல்லாத இடத்தில் வெப்பத்தை நம்மால் குறைக்க முடியாது, ஈரத்தைக் குறைக்க முடியும். அதனால்தான் குளிரறைக்கு நிதி திரட்டுவதை விட்டுவிட்டு உலர்த்துவதற்கும் இறுக மூடுவதற்கும் நிதி திரட்டுங்கள் என்கிறோம். நெல்லைப் பாயில் மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறி, உச்சி வெயிலில் நிழலுக்கு இழுத்துவிட வேண்டும். வெறும் சிமெண்டுத் தரையில் நடுப்பகலில் காயப்போட்டால் மணியின் சூடு 43 பாகையைத் தாண்டி முளை வெந்துவிடும். பார்க்க நல்ல நெல்லாகவே இருக்கும், முளைக்காது. ஈரம் 12 சதவீதத்துக்கு வந்ததும் பீப்பாயில் அடைக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். ஈரம் போகாத விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பது, சாக்கில் வைப்பதைவிடக் கேடு. சாக்கிலாவது ஈரம் வெளியேறும். டப்பாவுக்குள் அது விதையையே புழுக்கிக் கொன்றுவிடும். ஈரமானி இல்லாத இடத்தில் உப்புச் சோதனை செய்யலாம். நன்றாக வறுத்து ஆறவைத்த உப்பை உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு போட்டு, அதன்மேல் பாதிப் புட்டி வரை விதையைக் கொட்டி, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஒட்டாவிட்டாலும் அடைக்கத் தயார் என்று அர்த்தமில்லை, இன்னும் இரண்டு மூன்று நாள் காய வேண்டும். சிறு அளவு விதைக்கு, குறிப்பாகக் காய்கறி விதைக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைச் சம எடைக்குச் சேர்த்து ஒரு வாரம் மூடிவைத்தால் நன்றாக உலரும். அதுவும் கிடைக்காத இடத்தில் அரிசியை வறுத்து, சூடு ஆறும்வரை மூடிய பாத்திரத்தில் வைத்து, துணிப்பையில் கட்டி விதையோடு வைக்கலாம்.

பீப்பாய் என்றதும் 200 லிட்டர் நீலப் பீப்பாய்களை வாங்கி அனுப்பத் தோன்றும். அதில் 110 கிலோ நெல் கொள்ளும், லாரியும் நான்கு ஆளும் இல்லாமல் அசையாது. போர்க்காலக் கல்லூரிக்கு ஏற்றது 30 லிட்டர் பீப்பாய்: இரும்பு வளையப் பூட்டும் ரப்பர் வளையமும் உள்ளது, உணவுப் பொருள் அடைக்கத் தகுந்தது. 17 கிலோ நெல் பிடிக்கும். ஊரை விட்டு ஓட வேண்டி வந்தால் ஒருவர் அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போய்விடலாம். இரசாயனம் அடைத்த பழைய பீப்பாய் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வாய்வரை நிரப்பிப் பூட்டினால் உள்ளே தப்பியிருக்கும் வண்டு மிஞ்சிய காற்றைச் சுவாசித்து முடித்துச் செத்துவிடும், மருந்துக்குத் தேவையிருக்காது. பீப்பாய்க்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. இரண்டும் பென்சிலால் எழுதப்பட வேண்டும். மை ஒரு மழைக்குத் தாங்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முளைப்புச் சோதனை செய்ய வேண்டும். 400 மணி, நூறு நூறாக நான்கு ஈரத் துணிச் சுருள். துணி நனைந்திருக்கலாம், பிழிந்தால் சொட்டக் கூடாது. ஐந்தாம் நாள் ஒரு கணக்கு, பதினான்காம் நாள் முடிவுக் கணக்கு. 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ரகத்தை அடுத்த பருவமே விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். புதிதாக அறுத்த நெல் சில வாரம் உறக்கத்தில் இருக்கும், முளைக்காது. இது தெரியாமல் விதை செத்துவிட்டது என்று நல்ல விதையைக் குத்தி அரிசியாக்கிவிடுவார்கள், பசியுள்ள நாளில் அப்படித்தான் நடக்கும். நான்கைந்து நாள் 50 பாகை உலர்வெப்பத்தில் வைத்து மறுபடி சோதித்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

மூன்று இடம் என்று சொன்னதற்குச் சான்று இருக்கிறது. சிரியாவின் அலெப்போவுக்கு அருகே தெல் ஹத்யாவில் இருந்த இக்கார்டா என்ற வறண்டநில வேளாண் ஆய்வு நிலையம், போருக்கு முன்பே விதைகளின் மாற்றுப் பிரதிகளை, பல நாடுகளின் விதைகளைக் காக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. நிலையத்தைப் பயன்படுத்த முடியாமல் போனபோது, 2015-ல் அந்தப் பிரதிகளைத் திரும்பப் பெற்று லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ல் ஒரு பகுதியைப் பெட்டகத்துக்கே திருப்பி அனுப்பியது. சூடானில் 2023 டிசம்பரில் வாட் மெதானி நகரம் வீழ்ந்தபோது பயிர் விதைகளைச் சேமித்துவந்த அங்குள்ள மரபுவள வங்கி சூறையாடப்பட்டது. கொள்ளையடிக்க வருபவனுக்கு வேண்டியது உறைபெட்டி, விதை அல்ல. விலைபோகும் பெட்டிக்குள் விதையை வைத்தால் பெட்டியோடு விதையும் போகும். யாரும் திரும்பிப் பார்க்காத பிளாஸ்டிக் பீப்பாயை நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாப் பயிரும் விதையாக அடங்காது. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழை, மிளகு போன்றவற்றை உயிரோடுதான் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையின்போது, தாவரவியலாளர் வாவிலோவ் முன்பு வழிநடத்திய பயிர் ஆய்வு நிறுவனத்தில் விதையைத் தின்னாமல் பட்டினியால் இறந்தவர்களைப் பலர் அறிவார்கள். உருளைக்கிழங்குத் தொகுப்பின் பாடு அதைவிடக் கடினம்: பாவ்லோவ்ஸ்க் நிலத்தில் குண்டு விழும்போதே தோண்டி நகருக்குக் கொண்டுவந்து, உறைந்துபோகாமல் குளிர்காலம் முழுதும் அறையைச் சூடாக வைத்து, வசந்தத்தில் மறுபடி நட வேண்டியிருந்தது. மரவள்ளிக்கு இவ்வளவு பாடு இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு மாதச் செடியின் தண்டை முழு நீளமாக வெட்டி, மர நிழலில் அடிப்புறம் மண்ணில் படும்படி நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் இரண்டு மாதம் வரை தாங்கும். தேமல் நோய் உள்ள செடியிலிருந்து எடுக்கக் கூடாது. நடும் அன்று 20 சென்டிமீட்டர்த் துண்டாக நறுக்கி, ஒரு மீட்டருக்கு ஒன்றாக ஏக்கருக்கு 4,000 துண்டு நட வேண்டும்.

ஆனால் கசப்பு மரவள்ளியை எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுக்காமல் தண்டை மட்டும் பங்கிட்டால் ஊருக்கு நஞ்சைக் கொடுத்ததாகிவிடும். 1981-ல் மொசாம்பிக்கில் வறட்சிக் காலத்தில் சரியாகப் பதப்படுத்தாத கசப்புக் கிழங்கைத் தின்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் முடங்கிப்போயின. பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். தோல் நீக்கி, நறுக்கி, மூன்று நாள் நீரில் ஊறவிட்டு, காயவைத்த பிறகே உண்ண வேண்டும் என்பதைக் கல்லூரி மாணவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அவர்களின் போக்குவரத்துக்கும் துண்டுத்தாளுக்கும் ஆகும் செலவு, ஒரு புரொஜெக்டரின் விலைக்குள் அடங்கும்.

உரம் பற்றி. யூரியா வெடிமருந்தாகப் பயன்படலாம் என்பதால் போர்ப் பகுதிகளில் அது தடைப்பட்டியலில் ஏறுவது வழக்கம். இலங்கையின் வடக்கில் 1990-களில் யூரியாவும் எரிபொருளும் பேட்டரியும் தடைசெய்யப்பட்டிருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே யூரியா வாங்கக் காசு அனுப்புவதில் பயனில்லை. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45 நாளில் பூக்குமுன் மடக்கி உழுதால் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கும். விதைப்புக்கு முன் 45 நாள் மண்ணில் ஈரம் இருக்கும் நிலத்துக்கே இது பொருந்தும். முதல் மழையோடு விதைக்கும் மானாவாரி நிலத்துக்கு வேலியோரம் வளர்த்த கிளிசரிடியா மரத் தழைதான் வழி, ஒரு மூட்டைக்கு ஈடாக மூன்று டன் பச்சைத் தழை வேண்டும். வெட்டவும் சுமக்கவும் கூலி ஆகும். அந்தக் கூலிக்குத்தான் பணம் தேவை.

கால்நடைப் பிரிவில் முதலில் சாவது சினை ஊசி விந்துக்குச்சிகள். அவற்றை உறையவைத்துக் காக்கும் திரவ நைட்ரஜன் குடுவையைப் பார்த்தால் நிறைந்திருக்கிறதா வற்றியிருக்கிறதா என்று தெரியாது. வாரம் ஒருமுறை உலர்ந்த மரக்குச்சியை அடிவரை விட்டுப் பத்து விநாடி வைத்து, வெளியே எடுத்துக் காற்றில் அசைக்க வேண்டும். குச்சியில் வெண்பனி எவ்வளவு உயரத்துக்குப் படிகிறதோ அதுவே நைட்ரஜனின் உயரம். 10 சென்டிமீட்டருக்கு வந்தால் உடனே நிரப்ப வேண்டும். குடுவையின் கழுத்தில் வெளிப்புறம் பனி படர்ந்தால் வெற்றிடம் உடைந்துவிட்டது, அன்றைக்கே வேறு குடுவைக்கு மாற்றியாக வேண்டும். கண்ணாடி மூடிய வண்டியில் ஏற்றக் கூடாது, ஓட்டுநருக்கு மூச்சு முட்டும். நைட்ரஜன் வரும் பாதை நிச்சயமில்லை என்றால், தேர்ந்தெடுத்த சில விந்துக்குச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பொலிகாளைகள் இரண்டையாவது வேறு ஊர்களில் உழவர்களிடம் வளர்க்கக் கொடுப்பதே மேல். கோமாரித் தடுப்பூசி கெடுவது சூட்டால் மட்டுமல்ல. பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் பயனற்றுப் போகும். 2 முதல் 8 பாகைக்குள் நிற்க வேண்டும். ஒரு சிறிய சூரியசக்திக் குளிர்பெட்டியும் அதற்குள் ஒரு வெப்பமானியும் வாங்கிக் கொடுத்தால் கல்லூரி மந்தையோடு பக்கத்து ஊர் மாடுகளும் தப்பும்.

மின்சாரம் குறைந்த நாளில், புட்டிகளில் கன்று வளர்க்கும் திசு வளர்ப்புக் கூடத்தைக் கைவிடத் தயங்க வேண்டாம். கன்றுகளை வெளியே எடுத்துப் பழக்கி மண்ணில் நட்டுவிடுவது நல்லது.

பதிவேடுகள். எந்தப் பாத்தியில் எந்த ரகம், எதோடு எது ஒட்டு, எந்த மாணவர் எந்தச் செய்முறையை முடித்தார் என்ற ஏடுகள் எரிந்துபோனால், விதை மிஞ்சினாலும் அதன் பெயர் மிஞ்சாது. இதில் சிங்கப்பூரில் இருக்கும் நீங்கள் காசில்லாமலே உதவலாம். கைப்பேசியில் எடுத்த பக்கப் படங்களை வாங்கி, பெயரிட்டு, இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் இங்கே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் பட்டியலைக் குழு உரையாடலில் போடாதீர்கள். நன்றி தெரிவிக்கும் படங்களையும் கேட்காதீர்கள். மூட்டை இறங்கும் படத்தில் கிடங்கின் வாசல் தெரியும், டீசல் எங்கே இருக்கிறது என்று தெரியும், யார் சாவி வைத்திருக்கிறார் என்று தெரியும். நன்கொடையாளர் திருப்திக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை நமக்கு இல்லை. எடைச்சீட்டும் முளைப்புச் சோதனைக் கணக்கும் போதுமான சான்று.

பாடம் நடத்துவதில் இறுதியாண்டு மாணவர்களுக்கே முன்னுரிமை. கோட்பாட்டைப் பின்னாலும் படிக்கலாம். நாற்றுவிடுதல், ஒட்டுக்கட்டுதல், விதைத் தேர்வு ஆகியவற்றை ஐந்தைந்து பேராகப் பிரித்து உழவர் நிலத்திலேயே நடத்தி, குறிப்பேட்டில் ஆசிரியரும் உழவரும் கையொப்பமிட்டால் மதிப்பெண்ணுக்கு ஆதாரம் ஆகும். ஒரு பெரிய மண்டபத்தில் இருநூறு பேரைக் கூட்டுவது ஆபத்து. கண்ணிவெடி அகற்றியதாகச் சான்றில்லாத நிலத்தில் ஏர் இறங்கக் கூடாது. வெள்ளம் வந்து வடிந்த தாழ்நிலத்தில் முன்பு கொடுத்த சான்றும் செல்லாது, நீர் வெடிகளை இடம் மாற்றிவிடும். பண்ணைத் தொழிலாளர் கூலியைக் கடைசி வரியில் எழுதாதீர்கள். பேராசிரியர் இடம்பெயர்ந்தாலும் பண்ணையில் தங்குபவர்கள் அவர்கள்தாம்.

இங்கே சிங்கப்பூரில் செய்ய வேண்டியவை. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டுமுன் அறநிறுவன ஆணையரின் அனுமதி பெற வேண்டும். பொது விதிப்படி திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 சதவீதம் சிங்கப்பூருக்குள் செலவாக வேண்டும். உங்கள் திரட்டலுக்கு விலக்கு உண்டா என்பதை உண்டியல் வைக்குமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே கடையில் விற்கும் விதையை வாங்கி அனுப்பாதீர்கள். அந்த மண்ணுக்கும் பகல்நீளத்துக்கும் பழகாத ரகம் பூக்காமலே போகலாம், வீரிய ஒட்டுரகமாக இருந்தால் அதிலிருந்து எடுக்கும் விதை அடுத்த ஆண்டு அதே குணத்தோடு வராது. பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோவதும் வேண்டாம், அதோடு போகும் ஒரு நோய் அந்த நாட்டுக்கே கேடு. ஆய்வுக்காக விதை அனுப்பியே ஆகவேண்டும் என்றால், முதலில் பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதி, பிறகு தேசியப் பூங்காக் கழகத்தின் தாவரநலச் சான்றிதழ். பொட்டாசியம் நைட்ரேட், அம்மோனியம் நைட்ரேட் போன்றவை உர வேலைக்கே ஆனாலும் இங்கு வெடிமருந்து மூலப்பொருள்கள். அவற்றைக் கையில் எடுக்காதீர்கள். பீப்பாய், சிலிக்கா ஜெல், கைத்தராசு, வெப்பமானி, பென்சில் ஆகியவற்றை இங்கிருந்து அனுப்பலாம். அங்கே எது தடைப்பட்டியலில் இருக்கிறது என்று கல்லூரியிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் பண்ணை மேலாளரை அழைத்து விதைப்புத் தேதியைக் கேளுங்கள். முதல்வரிடம் கேட்டால் கல்வியாண்டுத் தேதியைச் சொல்வார். உலர்த்த, சோதிக்க, ஊர்களுக்குப் பங்கிட அறுபது நாள் வேண்டும். விதைப்புத் தேதியிலிருந்து அறுபது நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாளுக்குள் பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
சிங்கப்பூரில் வேளாண்துறையில் பணிபுரியும் தமிழர்கள் சிலர்